பழைய தண்ணீர்

"ரெண்டு நாளா பட்டினிதானே?"

மீன்தொட்டியை வீடு மாற்றித்தர வந்த தொட்டிக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார். கதவைத் திறந்த அவள் தலையாட்டினாள். அவர் கேட்டது மீன்களைப் பற்றி. ஆனால் அவளும் கூடச் சேர்ந்து பட்டினி கிடந்த மாதிரிதான் முகம் இருந்தது.

வயிற்றில் இரை இருந்தால் வழியில் கழிந்து வாளித் தண்ணீரைக் கெடுத்துவிடும். அதனால் வீடு மாறும் கடல் மீனுக்கு இரண்டு நாள் சாப்பாடு கிடையாது. சொன்னால் யார் கேட்கிறார்கள், மனசு கேட்காமல் ஒரு சிட்டிகை போட்டுவிடுவார்கள். இவள் போடவில்லை.

குழாயைப் போட்டுத் தொட்டித் தண்ணீரைக் கேன்களில் இறக்கினார். வீட்டில் வேறு எந்தச் சாமானும் இன்னும் கட்டப்படவில்லை. மூலையில் ஒரே ஒரு பை மட்டும் தயாராக இருந்தது. மற்றதெல்லாம் நாளைக்கு லாரியில் வரும்போல என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு இளம்பெண்ணின் படம் மாட்டியிருந்தது. அவள் ஜாடைதான். கேட்டதற்குத் தங்கை என்றாள். இந்தத் தொட்டியே தங்கை வாங்கியதுதானாம், அவள் தவறி நாலு வருஷமாகிறதாம். அந்தப் படத்தையும் கழற்றித் துடைத்து, பைக்குள் சின்னச் சின்னத் துணிகளுக்கு நடுவே வைத்தாள்.

அந்த வீட்டுக் குட்டி, மீனைப் பிடித்துவிட்ட வாளியின் மூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு வயசு, வாய் நாற்பது வயசு. மீன் புது வீட்டுக்குப் போய் அழுமா, அழுதால் தண்ணீரில் எப்படித் தெரியும் என்று தொட்டிக்காரரைக் குடைந்துவிட்டாள்.

"பாதித் தண்ணியாவது பழசா இருந்தாப் போதும் பாப்பா. வீடு மாறினதே அதுக்குத் தெரியாது."

"தெரியவே தெரியாதா?" என்று கேட்டது குட்டியல்ல, அவள்.

"மொதல்ல ஒளிஞ்சுக்கும்மா. புதுத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா சேர்த்தா தானா பழகிடும்."

அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மீனுக்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்று அவர் கிண்டல் செய்தார். இந்த ஜோடி மீனைப் பார்த்தால்தான் குட்டி தூங்குவாள், இன்றைக்கு இரவு மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டபின் அவர் கிண்டலை விட்டுவிட்டார்.

வழியில் வேனில் அவளும் குட்டியும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். குட்டியின் அப்பா இத்தனை வருஷமும் கப்பலில் வேலை பார்த்தவர், இப்போதுதான் ஊரோடு வந்துவிட்டார் என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு கை குட்டியைச் சுற்றியிருந்தது, மறு கை வாளி மூடியைவிட்டு நகரவில்லை.

புது வீட்டுக் கதவைக் குட்டியின் அப்பா திறந்தார். தூக்கிக்கொள்ளக் கை நீட்டினார். குட்டி அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒளிந்தாள். கப்பலிலேயே கிடந்தால் பெற்ற பிள்ளைக்குக்கூட முகம் மறந்துபோகும், பாவம் என்று நினைத்துக்கொண்டார் தொட்டிக்காரர்.

சமையலறையிலிருந்து ஒரு சின்ன வயசுப் பெண், கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு, நோட்டும் பேனாவுமாக வந்தாள். நாத்தனாராக இருக்கும். எத்தனை மணிக்கு இரை, எத்தனை மணிக்கு விளக்கு அணைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பயந்து பயந்து கேட்டு எழுதினாள்.

தொட்டி ஹாலில் வேண்டாம் என்றாள் அவள். சின்ன அறையில், படுத்தபடியே பார்க்கிற மாதிரி கட்டில் பக்கத்தில் வைக்கச் சொன்னாள், பையையும் அங்கேயே இறக்கினாள். மணல், கல், பழைய தண்ணீர், அதன் மேல் உப்புக் கலந்த புதுத் தண்ணீர். மீன் வாளிக்குள் மெல்லிய குழாயில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் இறங்கியது. அந்த ஒரு மணி நேரமும் அவள் எழுந்திருக்கவில்லை.

விட்டதும் ஒரு மீன் கல்லுக்கடியில் ஓடிவிட்டது. மற்றது அடியில் ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. தொட்டிக்காரர் குனிந்து பார்த்தார். இருபது வருஷத் தொழிலில் இப்படிச் சாய்ந்து எழுந்ததும் உண்டு, எழாமல் போனதும் உண்டு. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து, எழுந்திரு, எழுந்திரு என்று முணுமுணுத்தாள்.

மெதுவாகச் செவுள் அசைந்தது. வால் ஆடியது. மீன் நிமிர்ந்து ஜோடியைத் தேடிப் போனது.

குட்டி கைதட்டிச் சிரித்தாள். நோட்டுக்காரப் பெண் பக்கத்தில் மண்டியிட்டு, இரையை ஒரு சிட்டிகை எடுத்துக் குட்டியின் உள்ளங்கையில் வைத்தாள். நாளைக்குக் காலையில் முதல் சாப்பாடு நீதான் போட வேண்டும் என்றாள். குட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து அவளுக்கும் இடம் கொடுத்தாள்.

தொட்டிக்காரர் குழாய்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். வேனின் முன் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது மறந்துவிட்டதா என்று கேட்டார்.

"இல்லண்ணே. வண்டியை எடுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சாவியைப் போடுவதற்குள் குட்டி வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள், கையில் இரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"அம்மா, என்னை விட்டுட்டு எங்க போற?"

அவள் இறங்கினாள். குட்டியின் முன் குந்தி, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். இரை சிந்தாமல் குட்டியின் விரல்களை மூடிவிட்டாள்.

"அம்மா உள்ள இருக்காங்க கண்ணு. நான் உன் பெரியம்மா."