பச்சை விசில்

ஆஸ்திரேலியாவின் பல்லரட் நகரில், ஆஸ்பத்திரி அறைக்குள் குளிர்கால வெயில் திரையின் இடுக்கு வழியே நுழைந்து டீகனின் முழங்கால்மேல் ஒரு கோடாகக் கிடக்கிறது. அவள் வயிற்றில் எட்டாவது வாரத்தில் துடிப்பு நின்றுபோன கருவை டாக்டர் இந்த அறையிலேயே, முழு மயக்கம் இல்லாமல் எடுக்கப்போகிறார். போன தடவையும் இப்படிக் கரு கலைந்தபோது, வேறோர் ஊரில் வலிக்கு ஒன்றும் தராமல் "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றதோடு சரி. அதை நினைத்தாலே கால்விரல்கள் மடங்குகின்றன. இங்கே நர்ஸ் நோலீன் எது வேண்டுமென்று கேட்டுக் கேட்டு, முதலில் மாத்திரை தந்து, கருப்பை வாய் மரத்துப்போக ஊசிக்கும் சொல்லிவிட்டு, கையில் வலிமருந்தை மூச்சாக இழுக்கும் ஒரு பச்சைக் குழலையும் கொடுத்திருக்கிறாள். ஃபுட்டி பந்தாட்ட மைதானத்தில் தோள் நழுவியவர்கள் வாயில் வைத்திருக்கும் அதே பச்சை விசில். டீகன் ஊதிப் பார்க்கிறாள்.

"ஊதாத கண்ணு, இழு. விடுற மூச்சையும் அதுக்குள்ளயே விடு" என்கிறாள் நோலீன்.

"தோள் நழுவினப்ப இத வச்சுக்கிட்டுத்தான் இவன் தோத்த மேட்ச்சுக்கு ஜெயிச்ச பாட்டப் பாடினான்" என்று பக்கத்தில் நிற்கும் புருஷன் டேரலைக் காட்டுகிறாள் டீகன். அவன் காது சிவக்கிறது.

"வலிச்சா கையத் தூக்கும்மா, நிறுத்திடுறேன்" என்கிறார் டாக்டர். மருந்தின் பழவாசனை நெஞ்சுக்குள் இறங்குகிறது. அடிவயிறு ஒருமுறை இறுகித் தளர்கிறது. கை எழும்பவில்லை, அவளே அந்தப் பாட்டை முணுமுணுக்கிறாள், டேரலும் மெல்லச் சேர்ந்துகொள்கிறான்.

"நான் எதிர் டீம், இருந்தாலும் பாடுங்க" என்ற டாக்டர் சற்றுப் பொறுத்து நிமிர்கிறார். "முடிஞ்சிருச்சு."

"அவ்வளவுதானா?" டீகன் சிரிக்கிறாள். சிரிப்பின் பின்னாலேயே கண்ணீர் காதோரம் வழிகிறது.

நோலீன் குனிகிறாள். "வலிக்குதா கண்ணு?"

"இல்ல. போன தடவ வலியில அந்தப் புள்ளைக்காக அழக்கூட முடியல."