பதில் தட்டல்

கிளாட்சன் தன் ஆண் டரான்டுலா சிலந்தியைப் பெண் சிலந்தியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கினான். அவனிடம் இருந்ததே அது ஒன்றுதான். அது வளை வாசலில் நின்று முன்கால்களால் தரையைத் தட்டியது. உள்ளேயிருந்து பெண் பதிலுக்குத் தட்டினால் சம்மதம். தட்டாவிட்டால் ஆணைத் தின்றுவிடும். ஆபத்தென்றால் ஆணை வெளியே இழுக்க, கிளாட்சன் இடுக்கியுடன் காத்திருந்தான்.

"மாப்பிள்ளைக்குக் கால் நடுங்குது பாரு," என்றான் பெண் சிலந்தியை வளர்க்கும் ரெஜின்.

"சும்மா இருல. பொண்ணுக்கு இரை போட்டியா?"

"போட்டேன். தொடல."

கிளாட்சன் இடுக்கியை வளை வாசலுக்கு நெருக்கினான். அப்போது மெல்லிய தட்டல் கேட்டது.

"சம்மதிச்சிட்டா!" என்றான் கிளாட்சன்.

இடுக்கியைக் கீழே வைத்தான். ஆணின் கடைசிக் காலும் வளைக்குள் மறைந்தது. தட்டல் நிற்கவில்லை. கிளாட்சன் திரும்பிப் பார்த்தான். பெட்டி இருந்த மேசையின் விளிம்பில் ரெஜினின் விரல்கள் பதற்றத்தில் தட்டிக்கொண்டிருந்தன.