கெட்ட எண்ணம்

"எடுத்தது நீங்கதானே?"

"ஆமா மேடம். நான்தான் எடுத்தேன்."

கண்காணிப்பாளரின் மேஜைமேல் மயக்க மருந்துக் குப்பிகள் கிடந்தன. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸின் டிபன் பாக்ஸுக்குள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தவை. டியூட்டி முடிந்து கிளம்பும்போது வாசல் செக்யூரிட்டியிடம் மாட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியே அவளை 'சிட்டு சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். ஆள் சின்னது, ஓட்டம் பெரிது. அந்தச் சிட்டு இப்போது சுவரோரம் ஒடுங்கி நின்றது.

"வெளியில விற்கவா எடுத்தீங்க?"

"ஐயோ, இல்ல மேடம்."

"அப்ப எதுக்கு?"

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி வக்கீல் தொண்டையைச் செருமினார். "வெறுமனே எடுத்ததை மட்டும் வெச்சுத் திருட்டுன்னு சொல்லிட முடியாது மேடம். கைமறதியாப் பையில போட்டிருக்கலாம். சட்டம் எண்ணத்தைத்தான் பார்க்கும்."

சிட்டு நிமிர்ந்தாள். வக்கீல் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா எண்ணத்தை நெஞ்சைப் பிளந்தா பார்க்க முடியும்? செய்கையை வெச்சுத்தான் பார்க்கணும். கைக்குட்டையில சுத்தி, டிபன் பாக்ஸுல வெச்சு மூடி... முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா இதான். நல்ல எண்ணத்தோட எடுத்தவங்க எதுக்கு மறைக்கணும்?"

மறுபடி தலை குனிந்தாள்.

ஜன்னலோரம் மயக்க மருந்து டாக்டர் உட்கார்ந்திருந்தார். மருந்து அலமாரி அவர் பொறுப்பு என்பதால் அவரையும் அழைத்திருந்தார்கள். மனைவியைப் பறிகொடுத்துவிட்டு அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"இந்த நேரத்துல உங்களையும் இழுக்க வேண்டியதாப் போச்சு டாக்டர், மன்னிச்சுக்கோங்க. உங்க அலமாரியிலேர்ந்து போன மருந்துதானே இது?"

"ஆமா." டாக்டர் குப்பிகளைப் பார்க்காமலே சொன்னார்.

கண்காணிப்பாளர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். அதட்டல் போய்க் கெஞ்சல் வந்தது.

"இங்க பாரும்மா. போலீஸ் வந்துட்டா என் கையை மீறிப் போயிடும். இந்த வேலை மட்டுமில்ல, அப்புறம் நீ எங்கயுமே நர்ஸ் வேலை பார்க்க முடியாது. உன் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளியில நிக்கிறார். அவங்களுக்காகவாவது வாயைத் திற."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை அம்மாவைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டியது.

சிட்டு கதவுப் பக்கமிருந்து பார்வையை விலக்கிக்கொண்டாள். "காரணம் இருக்கு மேடம். ஆனா சொல்ல மாட்டேன். திருடின்னே வெச்சுக்கோங்க."

"பார்த்தீங்களா?" என்றார் வக்கீல். "கெட்ட எண்ணம் இல்லாதவங்க பேசற பேச்சா இது?"

கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தார். அப்போதும் சிட்டு யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"போனைக் கீழ வைங்க மேடம்."

டாக்டர் எழுந்து நின்றிருந்தார்.

"அலமாரியிலேர்ந்து எடுத்தது நான். சிஸ்டர் எடுத்தது என் கோட்டுப் பாக்கெட்டிலேர்ந்து."

"நீங்களா? எந்தப் பேஷன்ட்டுக்கு?"

"சார், வேணாம் சார்!" சிட்டு அழுதேவிட்டாள்.

"பேஷன்ட்டுக்கு இல்ல மேடம்... எனக்கு. என் மனைவி போன இடத்துக்கே போயிடலாம்னு."

டாக்டர் இப்போதுதான் மேஜைமேல் கிடந்த குப்பிகளைப் பார்த்தார்.

"கோட்டு காலியா இருந்தப்பவே யாரோ கண்டுபிடிச்சுட்டாங்கன்னு தெரியும். யாருன்னு இங்க வந்துதான் பார்த்தேன். வந்ததுமே சொல்லியிருக்கணும். வெட்கம், வாயைக் கட்டிப் போட்டுடுச்சு."

கண்காணிப்பாளர் போனை வைத்தார். எழுந்து வந்து டாக்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வக்கீலுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

"சரி, நல்லதுக்கே எடுத்தாங்க. அப்பவே அலமாரியில திருப்பி வெச்சிருக்கலாமே? வீட்டுக்குக் கொண்டுபோய் எதுக்கு மறைக்கணும்?"

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அலமாரிச் சாவி என்கிட்டதானே இருக்கு, வக்கீல் சார்."