கோட்டைத் தாண்டாதே

மலாவி ஏரியிலிருந்து காற்று அனலாய் வீசுகிறது. காலையில் விடுதி நீச்சல்குளத்தைச் சுற்றிப் போட்ட கான்கிரீட்டில் தலைமுடி போல ஒரு விரிசல் விளிம்பை நோக்கி ஓடுகிறது. கொத்து வேலைக்காரி மயமிக்கோ அதற்கு ஒரு விரல் முன்னால் ஆணியால் குறுக்கே கோடு கீறிவிட்டு விடுதிப் பெண்களைப் பார்த்துக் கத்துகிறாள். "இந்த விரிசப்பய இதைத் தாண்டுனான்னா, மொத்தத்தையும் ஒடைக்கணும்! காத்துல காயுது, ஈரச் சாக்கு பத்தல, துணியக் குடுங்கடி!" பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த தன் சித்தெஞ்சேத் துணியை அவிழ்த்து வாளியில் முக்கி விரிக்கிறாள். "ஐயோ அக்கா, என்னுது கோயிலுக்குக் கட்டுற புதுத்துணி!" என்கிறாள் சமையல்காரி லின்யே. "கான்கிரீட்டும் புதுசுதான், அவுருடி!" சிரிப்பும் கூச்சலுமாக, சேவல் படம் போட்டதும் மீன் படம் போட்டதுமாகத் துணிகள் ஈரம் சொட்டச் சொட்ட விழுகின்றன, படபடக்கும் ஓரங்களில் செங்கல் ஏறுகிறது. தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கை கடுக்கிறது. நிழல் நீண்டதும் மயமிக்கோ மண்டியிட்டுத் துணியின் ஒரு முனையைத் தூக்குகிறாள். விரிசலுக்கும் கோட்டுக்கும் நடுவே நெல்மணியளவு இடைவெளி இன்னும் இருக்கிறது. "நின்னுட்டான்டி!"