செத்தவீட்டுக்குச் சிவப்புச் சேலை

செத்தவீட்டுக்குச் சிவப்புச் சேலையில் வந்து இறங்கினாள் அருந்ததி.

உதயகலாவுக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. செத்தது அவளுடைய பெரியப்பா. வந்து நிற்பதோ அவளுடைய புருஷனின் தங்கை. கோப்பாய்ச் சனம் யாரைப் பார்த்துச் சிரிக்கும்?

அருந்ததியைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு வேறை நிறமே இல்லையே? பொங்கலுக்கு நான் தந்த பச்சைச் சீலை எங்கை?"

"கிடக்கு மச்சாள். கட்டுவன்."

"எப்ப? கோயிலுக்கும் சிவப்பு, கடைக்கும் சிவப்பு. இப்ப இஞ்சையும் உதோ? என்ரை மானத்தை வாங்கவெண்டே வெளிக்கிட்டு வந்தனி?"

அருந்ததியின் முந்தானையைப் பிடித்தபடி மகள் ஆரபி நின்றாள். பத்து வயதாகியும் எழுத்துப் பிடிபடாத பிள்ளை. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லோடு சரி.

அடுத்த மாதம், கொக்குவிலில் ஆரபி படிக்கிற விசேட பள்ளிக்குக் கண் பரிசோதிக்க ஆட்கள் வந்தார்கள். துணைக்கு வரும்படி அருந்ததி கெஞ்சியதால் உதயகலாவும் போனாள். அங்கேயும் சிவப்புத்தான். உதயகலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"முந்தி ஒரு இடத்திலை காட்டினனாங்கள் மச்சாள். எழுத்துத் தெரியாத பிள்ளையை எப்பிடிச் சோதிக்கிறது எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம்."

இங்கே வித்தியா என்ற பெண் பாயைப் போட்டு ஆரபியோடு நிலத்தில் இருந்தாள். பூ, வீடு, வாளி என்று படங்களைக் காட்டினாள்.

"குஞ்சு, இதைப் போலை ஒண்டு எடுங்கோ பாப்பம்."

கிட்டக் காட்டினால் ஆரபி சரியாக எடுத்தாள். தள்ளிப்போய்க் காட்டினால் கூரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"விளையாடவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று உதயகலா முணுமுணுத்தாள்.

வித்தியா கண்ணுக்குள் வெளிச்சம் பிடித்தும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, பிள்ளைக்குத் தூரத்திலை இருக்கிறது ஒண்டும் வடிவாத் தெரியாது. கண்ணாடி போட்டால் சரிவரும்."

"கண்ணோ? கண்தானோ?" திரும்பத் திரும்ப அதையே கேட்டாள் அருந்ததி.

கண்ணாடி கிடைத்த கையோடு இணுவில் கந்தசாமி கோயில் தேர் வந்தது. ஆரபியை உதயகலாதான் முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அருந்ததி பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

திடீரென்று கையை உதறிவிட்டுச் சனத்துக்குள் ஓடினாள் ஆரபி.

"ஐயோ, பிள்ளை!"

உதயகலா, அருந்ததியாவது கண்ணில் படுகிறாளா என்று சிவப்புச் சேலையைத் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

தேர் வடத்துக்குப் பக்கத்தில், பச்சைச் சேலை கட்டிய யாரோ ஒருத்தியை ஆரபி இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிட்டப் போய்ப் பார்த்தால், அருந்ததி!

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

"ஒருமாதிரி என்ரை சீலையைக் கட்ட மனம் வந்திட்டுதே?"

அருந்ததி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"முந்தி ஒருக்கா வேறை நிறம் கட்டிப் போய், சந்தைக்குள்ளை இவளைத் துலைச்சுப்போட்டன் மச்சாள். நாலடி தள்ளி நிண்ட என்னை விட்டிட்டு, ஆரோ ஒரு சிவப்புச் சீலைக்குப் பின்னாலை போயிட்டாள். இவ்வளவு நாளும், தள்ளி நிண்டால் இவளுக்கு என்ரை முகம் தெரியேல்லை. அந்தச் சிவப்புத்தான் இவளுக்கு அம்மா."