சாயமும் வெளிச்சமும்

"நாறுதுன்னா வெளிய வந்து சொல்லுங்க! தெருவே கேக்கட்டும்!"

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"கத்தாத. கீழ பேஷண்ட் உக்காந்திருக்காங்க."

"உக்காரட்டும்! ஊரான் வாயெல்லாம் பாக்கத் தெரியுது, கட்டுனவ வாயப் பாக்க நேரமில்ல!"

கீழே பல் ஆஸ்பத்திரி. மேலே வீடு.

டாக்டர் மேலே போய்ப் படுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் படுக்கை. பெண்டாட்டிக்கு ஈறில் ரத்தம் கசிகிறது, வாய் நாற்றம் தாங்க முடியவில்லை என்பது அவர் கட்சி.

நாங்கள் யாரும் கிட்டே போய் முகர்ந்து பார்த்ததில்லை. டாக்டரே சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று, இரண்டடி தள்ளி நின்றே அவளிடம் பேசினோம்.

அன்று அவள் அண்ணன் சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்தான். மாடிப்படியில் நின்று, மரியாதையாகவே கேட்டான்.

"வாய் சரியாப் போச்சுன்னா மேல வந்துருவீங்கள்லா, மாப்ள?"

இத்தனை பேர் பார்க்கும்போது வேறென்ன சொல்வார்?

"வருவேன்" என்றார்.

காத்திருந்தவர்களை மறுநாள் வரச் சொன்னார். அவளை நாற்காலியில் சாய்த்தார்.

அண்ணன் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போனான்.

நாங்கள் போகவில்லை. கண்ணாடிக் கதவை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

அந்த வைத்தியம் எங்கள் தெருவுக்கே அத்துப்படி. ஈறுக்குள் நீலச் சாயம் விடுவார். சாயம் மட்டும் ஒன்றும் செய்யாது, சிவப்பு வெளிச்சம் பட்டால்தான் கிருமி சாகும் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்வார். போன மாதம் எதிர்வீட்டுக் கோமு அக்காவுக்குச் செய்தபோது வேடிக்கை பார்த்திருக்கிறோம். டார்ச்சை உள்ளங்கையால் மூடினாற்போல, கன்னம் உள்ளேயிருந்து சிவந்தது.

அவள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்.

சாயம் விட்டார். உதடெல்லாம் நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது.

சற்று ஊற விட்டார்.

லைட்டை எடுத்து வாய்க்குள் வைத்தார்.

கன்னம் சிவக்கவில்லை.

அவர் கை அவசரப்படவில்லை. ஒவ்வொரு பல்லாக நின்று நின்று நகர்ந்தது. நடுவில், "வலிக்கா?" என்றுகூடக் கேட்டார்.

இல்லையென்று தலையசைத்தாள்.

"கரண்டு போயிட்டோ?" என்றாள் கோமு அக்கா, மெதுவாக.

அவர் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் வெளியே வந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. அத்தனை பல்லும் நீலம்.

"தலகாணி உறையெல்லாம் தொவைக்கணும்க்கா. ரொம்ப நாளாச்சு."

கோமு அக்கா வானத்தைப் பார்த்தாள்.

"வெயில் நல்லாத்தான் அடிக்கி" என்றாள்.

உறைகள் மாடிக் கொடியில் காய்ந்தன. இரண்டு.

ரத்தம் நிற்கவில்லை. லைட் வைத்தும் கேட்கவில்லை, இனி தன்னால் ஆகாது என்று டாக்டர் மச்சானுக்கு போன் பண்ணினார். குரலில் வருத்தம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆவணியில் அண்ணன் வேன் கொண்டுவந்தான். கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, கடைசியில் அவள்.

ஒத்துவரவில்லை என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். கோர்ட்டில் பிரித்துவிட்டார்கள். சங்கரன்கோவிலில் அவளுக்கு முன்பல் இரண்டை எடுத்துவிட்டதாகக் கேள்வி.

அதற்கடுத்த வருஷம் தையில் டாக்டருக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் கோவில்பட்டி. நல்ல வரிசைப் பல்.

வாசலில் ஆரத்தி எடுத்தது கோமு அக்காதான்.