இறங்காத கோடு

பெர்மாஸ் ஜெயா குடியிருப்பிலுள்ள வீட்டில் கமலநாதன் எழுந்தான், தேநீர் கலக்கிக் குடித்தான், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். முற்றிய புற்றுநோய்க்கான புது மருந்தில் நோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று கணிப்பது அவன் வேலை. ஒருவர் இறந்தால் வரைபடத்தில் கோடு ஒரு படி இறங்கும். உயிரோடு இருப்பவருக்கு ஒரு சிறு குறி. வாழும் நாள் கூடக்கூட அது தினமும் வலப்பக்கம் நகரும்.

அதே மருந்தை எடுத்துவந்த தன் மனைவி லோஷினி இறந்த தேதியைச் சென்ற மாதமே பதிந்திருந்தான். கோடு இறங்கவில்லை.

"தேதி சரிதான் லா, அண்ணே," என்றாள் உடன் வேலை செய்யும் நிலோபர். "ஆனா அண்ணியோட குறி இன்னிக்கும் நகர்ந்திருக்கு."

மாலைக்குள் முடிவை அனுப்ப வேண்டும். உயிரோடு இருப்பவர் பட்டியலிலிருந்து லோஷினியை அவன் கையாலேயே நீக்க வேண்டும். விரல் பொத்தான்மேல் நின்றது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கடைசியாகச் சொன்னது: "உங்க கணக்குல என்னை மட்டும் கழிச்சிடாதீங்க."